முக நரம்பு வலியும் கார்பமாசெபினும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்து காற்று கடுக்க ஆரம்பித்ததும், ஒரு பக்கக் கன்னத்தைச் சால்வையால் அழுத்தி மூடிக்கொண்டு சிலர் வருவார்கள். சீட்டில் கார்பமாசெபின் என்று எழுதியிருக்கும். வாங்கிய கையோடு செல்போனில் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். 'வலிப்பு மருந்து' என்று வந்ததும் முகம் மாறிவிடும். அடுத்த வரியில் 'சோடியம் சேனல்' என்று இருக்கும். அப்புறம் கேள்விதான். எங்கள் சித்திக்கும் இதே வலி, இதே மாத்திரை என்பதால் எனக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. பின்னால் நாலு பேர் நிற்கும்போது அரைகுறையாகச் சொல்லி அனுப்பியதை இங்கே சாவகாசமாக எழுதுகிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. அதில் நான் தலையிடுவதில்லை.

எனக்கு வலிப்பே வந்ததில்லை. எதற்கு இந்த மாத்திரை?

டாக்டர் தப்பாக எழுதவில்லை. இந்த மருந்தை 1953ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கைகி நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கினார். முக நரம்பு வலிக்கு இது கேட்கிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் ப்ளோம் 1962லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் 1968ல் முதலில் அனுமதி கிடைத்ததே முக நரம்பு வலிக்குத்தான். வலிப்புக்கு அங்கே அனுமதி கிடைக்க 1974 ஆனது. இரண்டு நோயும் வேறு. ஆனால் இரண்டிலும் நரம்பு தேவையில்லாமல், நிற்காமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மருந்து கை வைப்பது அந்த இடத்தில்.

வலி பல்லில்தானே? நரம்பு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எங்கள் சித்தி கட்டபெட்டு பக்கம். தோட்டத்துக்கு இலை பறிக்கப் போகிறவர். வலப்பக்கக் கீழ்த்தாடையில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு வலி. சில நொடிதான், போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பல் துலக்கினால் வரும், களியை வாயில் வைத்தால் வரும், பஸ் ஜன்னலில் காற்று அடித்தால் வரும். ஒரு பல் மருத்துவமனையில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அதற்கும் போகவில்லை. இரண்டு நல்ல பல் போனதுதான் மிச்சம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வலி பல்லிலிருந்து வருவதாகத்தான் சித்திக்கே பட்டது.

சொத்தைப் பல் விண்விண் என்று மணிக்கணக்கில் தெறிக்கும், ராத்திரியில் தூங்க விடாது. நரம்பு வலி நொடிக்கணக்கு. அதிகம் போனால் இரண்டு நிமிடம். இடையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அநேகமாக ஒரே பக்கம்தான். முகத்தில் இன்ன இடத்தைத் தொட்டால் கிளம்பும் என்று நோயாளிக்கே தெரியும். சித்தி அந்த இடத்தைக் காட்டும்போதுகூட விரலைத் தோலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித்தான் வைப்பார்.

முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பு மூளைத்தண்டில் நுழையும் இடத்தில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் உரசிக்கொண்டிருக்கும். உரசி உரசி நரம்பின் மேலுறை தேய்ந்துவிடும். மின்கம்பியின் உறை கிழிந்தால் பக்கத்துக் கம்பியில் பாய்கிற கதைதான். ஐம்பது வயதுக்கு மேல் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். சின்ன வயதில் வந்தாலோ முகம் மரத்திருந்தாலோ டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். செலவைப் பார்த்து அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சோடியம் சேனல் என்றால் என்ன?

நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான். செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். செல் சவ்வில் ஆங்காங்கே புரதத்தால் ஆன சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. சோடியம் மட்டும் நுழையும் வாசல்தான் சோடியம் சேனல். இது மின்னழுத்தத்துக்குத் திறக்கிற ரகம். வாசலின் நான்கு பக்கமும் நேர்மின்சுமை கொண்ட ஒரு கட்டை இருக்கிறது. உள்ளே மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் அந்தக் கட்டைகள் வெளிப்பக்கம் நகரும், வாசல் திறக்கும், சோடியம் பாயும். நொடிக்கு ஒரு கோடி அயனி என்கிற வேகத்தில் பாயும். ஆனால் வாசல் திறந்திருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ இரண்டு பங்கோதான். அதற்குள் பக்கத்து வாசலில் மின்னழுத்தம் ஏறி அது திறக்கும், பிறகு அதற்கடுத்தது. கன்னத்தில் கொசு கடித்த சேதி மூளைக்குப் போவது இப்படித்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தது மனித நரம்பில் அல்ல. கணவாய் மீனுக்கு அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நரம்பு இழை உண்டு. அதற்குள் கம்பியை நுழைத்து அளந்து, ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1952ல் கணக்கோடு எழுதினார்கள். 1963ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அவர்கள் காலத்தில் சேனல் என்ற புரதத்தை யாரும் தனியாகப் பிரித்தெடுத்ததே இல்லை. கணக்கை வைத்தே வாசலின் குணத்தைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

சரி, மாத்திரை அங்கே போய் என்ன செய்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. வாசலை அடைத்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை.

நம்ம ஊர் மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது கதவு மூடியிருக்கும். நிறுத்தத்தில் திறக்கும், கூட்டம் ஏறும். நாலு பேர் ஏறியதும் கன்டக்டர் கையைக் குறுக்கே நீட்டி 'போதும்' என்பார். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் யாரும் ஏற முடியாது. வண்டி கிளம்பிக் கதவு மூடினால்தான் அவர் கையை எடுப்பார். சோடியம் சேனலுக்கும் இதே மூன்று நிலை: மூடி ஓய்வில் இருப்பது, திறந்திருப்பது, திறந்தும் கை குறுக்கே இருப்பது. அந்தக் கையும் நிஜமாகவே இருக்கிறது. சேனல் புரதத்தின் உள்பக்கத்தில் தொங்கும் ஒரு துண்டு வந்து செயலிழக்கச் செய்கிறது.

கார்பமாசெபின் மூடிய வாசலைப் பெரிதாகச் சீண்டாது. கன்டக்டர் கை நீட்டியிருக்கும்போது வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும். கை இறங்க நேரமாகும். ஒழுங்காக ஓடுகிற வண்டிக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மருந்து விட்டுவிடும். பத்தடிக்கு ஒரு தரம் நிற்கிற வண்டியில்தான் கை இறங்கவே வாய்ப்பிருக்காது. தேய்ந்த நரம்பு அந்த வண்டி. நொடிக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கப் பார்க்கும். ஒவ்வோர் அடிக்கும் இன்னும் சில சேனல்கள் மருந்தின் பிடியில் சிக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த அடிகளின் சரம் அறுந்துவிடும். அதாவது எந்த நரம்பு அதிகமாக ஆடுகிறதோ அதைத்தான் மருந்து அதிகமாகப் பிடிக்கும். வலிப்பிலும் இதே வேலைதான். ஃபெனிடோயின், லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் கிட்டத்தட்ட இந்த வகை.

பாராசிட்டமாலும் மற்ற வலி மாத்திரைகளும் ஏன் கேட்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அவை வீக்கம், காய்ச்சல் பக்கம் வேலை செய்பவை. இந்த வாசலுக்கு அவை வருவதில்லை.

முகம் மரத்துப் போகுமா? பல் டாக்டர் போடும் ஊசி மாதிரியா?

மரத்துப் போகாது. ஊசியில் இருப்பது லிக்னோகெயின். அதுவும் சோடியம் சேனலுக்குள் ஏறத்தாழ இதே இடத்தில்தான் போய் உட்கார்கிறது. வித்தியாசம் அளவில். ஊசி மருந்து பெரும்பாலும் 2 சதவீதம், அதாவது ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். கார்பமாசெபின் ரத்தத்தில் இருக்கவேண்டிய அளவு ஒரு மில்லிக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் ஊசி ஆயிரம் மடங்குக்கும் மேல் அடர்த்தி. அவ்வளவைக் கொண்டுபோய் ஒரே இடத்தில் கொட்டினால் ஆடுகிற நரம்பு, ஆடாத நரம்பு எல்லாம் மரத்துத்தான் போகும். சித்தி மாத்திரை போட்ட பிறகும் டீ சூட்டை உதட்டில் உணர்கிறார், கொசு கடித்தால் அடிக்கிறார்.

குளிர்காற்று பட்டதும் ஏன் வருகிறது? ஊட்டிக்காரர்களுக்கு இது அதிகமா?

குளிர் இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே தேய்ந்த நரம்பைக் கிளப்பிவிடுகிறது. காற்று கன்னத்தைத் தொடும் சேதி சாதாரணமான தொடு இழையில்தான் போகிறது. தேய்ந்த இடத்தை எட்டும்போது பக்கத்து வலி இழைக்குப் பாய்ந்துவிடுகிறது. தலைகுந்தாவில் புல் வெள்ளையாக உறைகிற மார்கழிக் காலையில் அந்தத் தொடுதல் நூறு தடவை நடக்கும். சென்னையில் இருக்கும் நோயாளிக்கு மின்விசிறி அதே வேலையைச் செய்யும்.

சாதாரண ஆளுக்குக் குளிரில் விரல் வலிப்பது வேறு கதை. சோடியம் சேனலில் ஒன்பது வகை உண்டு. குளிர் ஏற ஏறப் பல வகைகள் செயலிழந்து போகும், அதனால்தான் விரல் மரக்கிறது. என்.ஏ.வி. 1.8 என்ற வகை மட்டும் குளிரிலும் தாக்குப்பிடிக்கும் என்று 2007ல் கண்டார்கள். வலி இழைகளில் இருப்பது அதுதான். தொட்டால் தெரியாத விரலும் வலிக்க மட்டும் செய்வது அதனால்தான்.

சோடியம் சேனல் என்கிறீர்களே, உப்பைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். சேனல் வழியாகப் போகும் சோடியமும் உப்பில் இருக்கும் சோடியமும் ஒன்றுதான். ஆனால் ஊறுகாயைக் குறைத்தால் நரம்பு அடங்கும் என்று கணக்குப் போட முடியாது. இந்த மாத்திரை போடுகிறவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கம். சிலருக்கு இது உடம்பில் தண்ணீரைத் தேக்கிவைக்கும். ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்கவேண்டும், அது நீர்த்துப் போய் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், ஆளே ஒரு மாதிரி மந்தமாகிப் பேச்சுக் குழறுவது என்று வரும். வயதானவர்களுக்கும், ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது அதிகம். டாக்டர் எலக்ட்ரோலைட் பரிசோதனை எழுதினால், மலை இறங்கிப் போகவேண்டுமே என்று சோம்பாமல் எடுத்துவிடுங்கள்.

முதல் மாதம் நன்றாகக் கேட்டது. இப்போது கேட்கவில்லை. கம்பெனி மாறிவிட்டதா?

கம்பெனி மாறினாலும் கொஞ்சம் வித்தியாசம் வரலாம். அதனால் முடிந்தவரை ஒரே கம்பெனி மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் பலம் குறைவதற்கு முக்கியக் காரணம் உங்கள் கல்லீரல். இந்த மருந்து, தன்னையே சிதைக்கிற நொதிகளைக் கல்லீரலில் கூட்டிவிடும். வந்த விருந்தாளி தன்னைத் துரத்தத் தானே ஆள் சேர்க்கிற மாதிரி. அதனால்தான் டாக்டர்கள் பெரும்பாலும் 100 மில்லிகிராம் இரண்டு வேளை என்று தொடங்கி, சில வாரம் பார்த்து மெல்ல ஏற்றுகிறார்கள். முக நரம்பு வலிக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. பலருக்கு அதில் பாதியே போதும்.

அதே நொதிகள் மற்ற மருந்துகளையும் சேர்த்துச் சிதைக்கும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் இரண்டும் பலம் குறையும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போட்டால் தலைகீழாக இந்த மருந்தின் அளவு ஏறிவிடும். சளிக்கு மருந்து கேட்டு வந்தால், இதைச் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசவேண்டும்.

தலை சுற்றுகிறது. வண்டி ஓட்டலாமா?

முதல் சில நாளும், அளவு கூட்டிய நாட்களிலும் ஓட்டவே கூடாது. தலைசுற்றல், தூக்கம், நடை தள்ளாடுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது எல்லாம் வரும். சமதளத்திலேயே ஆபத்து. நம்ம கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. தேயிலைச் சரிவில் இலை பறிப்பவர்களும் முதல் வாரம் லீவு போடுவது நல்லது. சித்தி கேட்கவில்லை, கூடையோடு சறுக்கி விழுந்தார். நல்ல வேளை, செடி பிடித்துக்கொண்டது.

எப்போது யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டும்?

காய்ச்சலோடு தோலில் தடிப்போ கொப்புளமோ வந்தால், வாய் புண்ணானால், கண் சிவந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற, தோல் உரிந்து வரும் நோயாக அது இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். சில மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் உண்டு.

இதயத்திலும் சோடியம் சேனல் உண்டாமே?

உண்டு. இதயத்துடிப்பில் தடை இருப்பதாக ஈ.சி.ஜி.யில் சொல்லியிருந்தால் இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இதில் நம்ம மலைக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1860களில் ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா பயிரிட்டார்கள், மலேரியாவுக்குக் கொய்னா எடுக்க. அதே பட்டையில் கொய்னாவின் இரட்டைப்பிறவி மாதிரி குயினிடின் என்று ஒன்று இருக்கிறது. அணுக்கள் அதே எண்ணிக்கை, மடிப்பு மட்டும் வேறு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அது ஒழுங்குபடுத்துகிறது என்று 1918ல் ஜெர்மனியில் கண்டார்கள். காரணம், இதயத்தின் சோடியம் சேனலை அது மறிப்பது. நடுவட்டத்தில் பட்டை உரித்தவர்களுக்குச் சோடியம் சேனல் என்ற சொல்லே தெரிந்திருக்காது.

மூடுவதற்குப் பதில் திறந்தே வைக்கும் பொருள் உண்டா?

பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் கேட்டது. உண்டு தம்பி, உங்கள் வீட்டுக் கொசுவத்தியில் இருக்கிறது. அலெத்ரின் வகைப் பொருட்கள் கொசுவின் சோடியம் சேனலை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும், கொசு துடித்து விழும். மனிதச் சேனலில் அவற்றின் பிடி மிகவும் பலவீனம். துருக்கியின் கருங்கடல் பக்கம் ரோடோடென்ட்ரான் பூத்தேனைச் சாப்பிட்டு மயங்கி விழுவதும் இதே காரணத்தால்தான். அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் நம்ம சோலையோரம் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு.

வலியை மட்டும் நிறுத்தி, தலைசுற்றல் இல்லாத மருந்து கிடையாதா?

தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்தே வலி தெரியாத சிலரை வடக்குப் பாகிஸ்தானில் கண்டு ஆராய்ந்தபோது, ஒன்பது வகையில் 1.7 என்ற ஒரு சேனல் மட்டும் அவர்களுக்கு வேலை செய்யவில்லை என்று 2006ல் தெரிந்தது. மேலே சொன்ன 1.8ஐ மட்டும் மறிக்கும் சூசெட்ரிஜின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அது அடிபட்டது, அறுவை சிகிச்சை போன்றவற்றின் உடனடி வலிக்கு. நம்ம சீட்டில் இன்னும் கார்பமாசெபினும், சிலருக்கு அதன் தம்பி ஆக்ஸ்கார்பசெபினும்தான். தம்பிக்கு மற்ற மருந்துகளோடு சண்டை குறைவு, சோடியத்தை இறக்கும் குணம் அதிகம்.

வலி நின்றுவிட்டது. விட்டுவிடலாமா?

வலி சில மாதம், சில வருடம்கூடத் தானாக ஒதுங்கும். அப்போது டாக்டர் மெல்லக் குறைப்பார். நீங்களாக ஒரே நாளில் விட்டால் வலி பழைய வேகத்தில் திரும்பும். வலிப்பு உள்ளவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். மாத்திரை கேட்காவிட்டால் அல்லது தாங்காவிட்டால், உரசும் ரத்தக்குழாயைத் தள்ளிவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. பயந்து ஓட வேண்டியதில்லை, நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரையை எங்கே வைப்பது?

நான் கடையில் அதிகம் கத்துவது இதற்குத்தான். இந்த மாத்திரைக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்றில் கிடந்தால் உள்ளே இருக்கும் மருந்து தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வேறு படிகமாக மாறும். மாத்திரை கல் மாதிரி இறுகும், வயிற்றில் சரியாகக் கரையாது. பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம வீட்டில் துணியே மூன்று நாள் காயாது. பார்வைக்கு மாத்திரை அப்படியேதான் இருக்கும்.

போன வருடம் சித்திக்கு மறுபடி வலி வந்தது. அளவு கூட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு மாத மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டப்பாவில் கொட்டி, வெந்நீர் அடுப்புக்கு மேல் பலகையில் வைத்திருந்தார். "அட்டையைப் பிரிக்க விரல் வலிக்குது, அதான் மொத்தமாப் பிரிச்சு வெச்சேன்" என்றார். ஒன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டேன். நாங்கள் டீ குடித்து முடிக்கும்வரை அது அடியில் முழுசாக உட்கார்ந்திருந்தது. புது அட்டை கொடுத்தேன், அளவு பழையபடிதான். இப்போது அட்டையோடு பீரோவில், சேலைக்கு நடுவே இருக்கிறது. தினமும் பிரித்துக் கொடுப்பது பேத்தியின் வேலை.